சவுத்தோல் பஞ்சாபிப் பக்கத்தை நடந்து பாக்க எங்க தொடங்கலாம்?

இரணைமடுப் பெடியன்:
வணக்கம் உறவுகளே. நான் கிளிநொச்சி. சித்திரையில லண்டன் ஹேய்ஸில இருக்கிற அக்கா வீட்டுக்கு வாறன், ரெண்டு கிழமை நிப்பன். பக்கத்தில சவுத்தோலில பஞ்சாபிச் சனம் நிறைய எண்டு அக்கா சொன்னவா, காரில கொண்டுபோய்க் காட்டுறாவாம், எனக்கெண்டா நடந்துதான் பாக்க விருப்பம். என்ன சாப்பிடலாம்? அவையின்ர கோயில், குருத்துவாராக்குள்ள எங்களை விடுவினமோ, முதல் நாள் மச்சம் சாப்பிட்டிருந்தாப் பிரச்சினையோ?

முறிகண்டியாள்:
தம்பி, காரை விடுங்கோ. ஸ்டேசன் பெயர்ப்பலகையிலயே பஞ்சாபி எழுத்து இருக்கு, அதைப் பாத்திட்டு முதல் தெற்கால நடந்து சிங் சபா குருத்துவாராவுக்குப் போங்கோ, 2003ல திறந்தது, வெறும் வயித்தோட போங்கோ. ஆரும் போகலாம், மச்சத்தைப் பற்றி ஒருத்தரும் கேக்கமாட்டினம், குடிச்சிட்டு மட்டும் போகாதேங்கோ. சப்பாத்தைக் கழட்டி, தலையை மூடோணும், துணி வாசலிலயே இருக்கும். லங்கர் எண்டா ஒவ்வொரு நாளும் நடக்கிற அன்னதானம். நான் முதல் நாள் ரொட்டிக்கு ஒரு கையை நீட்டிப்போட்டன், பக்கத்திலிருந்த வயசான ஐயா பேசாமல் என்ர மற்றக் கையையும் பிடிச்சுச் சேத்துவிட்டார், ரெண்டு கையும் ஏந்தித்தான் வாங்கோணுமாம். சுடச்சுட ரொட்டி உள்ளங்கையில விழ எனக்கு வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல்தான் ஞாபகம் வந்தது. சாப்பிட்டு முடிய கொஞ்சம் பாத்திரம் கழுவிக் குடுத்திட்டு வாங்கோ, நல்லாச் சந்தோசப்படுவினம்.

குருத்துவாரா இருக்கிற றோட் முந்தி ஹேவ்லொக் றோட். இந்தியாவில 1857 கிளர்ச்சியை அடக்கின வெள்ளைக்கார ஜெனரலின்ர பேர். இப்ப குருத்துவாரா இருக்கிற துண்டுக்கு குருநானக் றோட் எண்டு மாத்தியிருக்கினம்.

தர்மபுரம்77:
சாப்பாட்டோட நிக்காதேங்கோ தம்பி. அந்தச் சனம் 1950களில வந்து ஹேய்ஸ் பக்கம் ரப்பர் பக்டரியில ஒருத்தரும் செய்ய விரும்பாத வேலையைச் செய்த சனம். 1976ல குர்தீப் சிங் சக்கர் எண்ட 18 வயசுப் பெடியனை அங்க தெருவில குத்திக் கொலை செய்தவை. 1979ல இனவாதிகளின்ர கூட்டத்தை எதிர்த்துச் சனம் இறங்கேக்க, அவையோட நிண்ட பிளேயர் பீச் எண்ட வாத்தியார் பொலிஸ் அடியில செத்தவர், அவற்ற பேரில ஒரு பள்ளிக்கூடமே அங்க இருக்கு. நாங்கள் 77 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில இருந்து வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறின குடும்பம், அதால எனக்கு அந்தத் தெருவுகளில நடக்கேக்க கடையளை விட ஆக்களின்ர முகத்தைத்தான் பாக்கத் தோணும்.

முறிகண்டியாள்:
அண்ணை சொன்னது சரி, தி கிரீன் எண்ட தெருப் பக்கத்தாலயும் நடவுங்கோ, சக்கர் செத்தது அங்கதான்.

கச்சான்கொட்டை:
பின்னேரம் ஸ்டேசனுக்கு வடக்கால பிரோட்வே கடைத்தெருவுக்கு வாங்கோ. கண்ணுக்கு முன்னால துணியில மாவைப் பிழிஞ்சு ஜிலேபி போடுவினம், எங்கட தேன்குழல் மாதிரித்தான், ஆனா உழுந்து இல்லை, கோதுமை மா. சூட்டோட கடிச்சா உள்ளுக்க இருந்து பாணி ஒழுகும். கடுகுக்கீரைக் கடையலும் சோள ரொட்டியும் குளிர்காலச் சாப்பாடு, கிடைச்சா விடாதேங்கோ, மேல வெண்ணெய்க்கட்டி வைச்சுத் தருவினம்.

சித்திரை எண்டபடியால் இன்னொண்டு. எங்கட வருசப்பிறப்பை ஒட்டித்தான் அவையின்ர வைசாக்கித் திருநாளும். வைசாக்கி ஊர்வலம் எந்த ஞாயிறு எண்டு அக்காட்டக் கேளுங்கோ, வழி நீட்டுக்கும் சாப்பாடும் தேத்தண்ணியும் சும்மா குடுப்பினம், எங்கட தண்ணீர்ப்பந்தல் மாதிரி.

இரணைமடுப் பெடியன்:
நன்றி அண்ணையவை. அக்காட்டச் சொல்லிப்போட்டன், அவாவும் நடந்து வாறாவாம். பத்து வருசமா ஹேய்ஸில இருக்கிறா, குருத்துவாராக்குள்ள ஒருநாளும் போகேல்லையாம்.