'பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட்': 'நிரப்பிடக் கட்டளை' எனலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பிஎச்பி (வலைப்பக்க நிரல்மொழி), மைஎஸ்கியூஎல் (தரவுத்தள மென்பொருள்) கையேட்டின் சொற்பட்டியலில் 'பிரிப்பேர்டு ஸ்டேட்மெண்ட்' என்ற இந்த ஒரு சொல் மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது. தரவுத்தளத்துக்கான வரியை இடம் விட்டு எழுதி, மதிப்பைத் தனியே தரும் உத்தியின் பெயர் அது. அதற்குத் தமிழில் இதுவரை வந்த பரிந்துரைகள்: தயாரிக்கப்பட்ட கூற்று, ஆயத்த வினவல், முன்பகுத்த வினவல், வார்ப்பு வினவல். நான்கையும் பல நாள் புரட்டிப் பார்த்துவிட்டேன், எதிலும் மனம் ஒட்டவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு மல்லுக்கட்டு எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். தரவுத்தளம், அட்டவணை, புலம் போன்றவை எப்படியோ நிலைத்துவிட்டன, அவற்றில் ஒன்று சற்றுப் பொருந்தாமல் இருந்தாலும் படிப்பவருக்குக் கேடு எதுவும் வராது. இது அப்படி இல்லை. பிஎச்பி படிக்கத் தொடங்குகிறவர் முதலில் கற்றுக்கொள்ளும் வழி, படிவத்தில் வந்த எழுத்தை ஒரு புள்ளி (பிஎச்பியில் இரண்டு சரங்களை, அதாவது எழுத்துத் தொடர்களை, இணைக்கும் குறி) வைத்து எஸ்கியூஎல் (தரவுத்தளத்திடம் பேசும் மொழி) வரியோடு ஒட்டிவிடுவது. அந்தப் பழக்கத்தை விட்டு வெளியே வர அவர் பற்றிக்கொள்ள வேண்டியது இந்த உத்தியைத்தான். சொல்லைக் கேட்டதுமே உள்ளே என்ன நடக்கிறது என்று பாதியாவது விளங்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

என் அனுபவம் ஒன்று. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறிய நூலகத்துக்கு நூல் தேடும் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ஆசிரியர் பெயரைத் தட்டினால் அவருடைய நூல்கள் வரிசையாக வரும். மாதக்கணக்கில் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் ஒருவர் டி'குரூஸ் என்று தேட, பக்கம் பிழைச்செய்தியைக் கக்கிவிட்டு நின்றது. பெயருக்கு நடுவில் இருந்த ஒற்றை மேற்கோள்குறியைக் கண்டதும் சரம் அங்கேயே முடிந்தது என்று தரவுத்தளம் எடுத்துக்கொண்டது, மீதமிருந்த 'குரூஸ்' என்பதை எஸ்கியூஎல்லின் ஒரு பகுதியாகப் படிக்கப் பார்த்தது. தேடியவர் நல்ல மனிதர், தொலைபேசியில் கூப்பிட்டுச் சொன்னார். அதே மேற்கோள்குறிக்குப் பின்னால் 'அல்லது 1=1' என்பதை எஸ்கியூஎல்லில் யாராவது எழுதியிருந்தால் நிபந்தனை எப்போதும் மெய்யாகி அட்டவணை முழுவதும் கொட்டியிருக்கும், யூனியன் (இன்னொரு வினவலின் விளைவையும் இணைக்கும் எஸ்கியூஎல் சொல்) சேர்த்து எழுதத் தெரிந்தவராக இருந்தால் உறுப்பினர் அட்டவணையும் போயிருக்கும். அன்று இரவு எனக்குத் தூக்கம் இல்லை.

அடுத்த நாள் நான் செய்ததும் சரியான வேலை இல்லை. மேற்கோள்குறிக்கு முன் ஒரு பின்சாய்கோடு போட்டுத் தப்பித்தேன். அப்போது பலரும் செய்தது அதுதான், பிஎச்பியே 'மேஜிக் கோட்ஸ்' என்ற பெயரில் தானாகச் செய்துகொண்டிருந்தது, 2012இல் வந்த 5.4 பதிப்பில்தான் அதை நீக்கினார்கள். பின்சாய்கோடு போடுவதில் உள்ள சிக்கல், அது எழுத்துக் குறியாக்கத்தை (எழுத்துகளைப் பைட்டுகளாகக் குறிக்கும் முறையை) நம்பி இருப்பது. ஜிபிகே என்ற சீனக் குறியாக்கத்தில் சில பைட்டுகள் அந்தப் பின்சாய்கோட்டையும் தம்மோடு சேர்த்து ஒரே எழுத்தாக்கிக்கொள்ளும், மேற்கோள்குறி காவல் இல்லாமல் வெளியே நிற்கும். கட்டளையையும் மதிப்பையும் ஒரே சரத்தில் கலந்துவிட்டு அப்புறம் பிரித்துக் காட்ட முயல்வதால் வரும் வினை இது.

சரி, பெயருக்கு வருவோம். இந்த உத்தியில் நடப்பது என்ன? 'நூல்கள் அட்டவணையில் ஆசிரியர் = ? ஆக உள்ள நிரைகளைக் கொடு' என்று கேள்விக்குறியோடு எஸ்கியூஎல் வரி முதலில் போகிறது. தரவுத்தளம் அதைப் பகுத்து, இது இன்ன வேலை, இங்கே ஒரு மதிப்பு வரும் என்று முடிவு செய்து வைத்துக்கொள்கிறது. டி'குரூஸ் பிறகு தனியாகப் போகிறது. பகுக்கும் வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டதால் உள்ளே வருவது மேற்கோள்குறியானாலும் முழு எஸ்கியூஎல் வரியானாலும் வெறும் மதிப்புதான்.

இதை 'தயாரிக்கப்பட்ட கூற்று' என்றால் ஆங்கிலச் சொல்லின் நிழல்தான் விழுகிறது. யார் தயாரித்தார், எதற்கு என்று ஒன்றும் தெரியாது. 'ஆயத்த வினவல்' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆயத்த ஆடை என்றால் யாரோ தைத்து முடித்துக் கடையில் தொங்கவிட்டது அல்லவா? ஆயத்த வினவல் என்றதும், எவரோ எழுதி முடித்து வைத்திருக்கும் வினவலை எடுத்துப் பயன்படுத்துகிறோம் என்றுதான் மாணவர் நினைப்பார். 'வார்ப்பு' சொன்ன நண்பரின் எண்ணம் எனக்குப் பிடித்திருந்தது, ஆனால் டெம்ப்ளேட்டுக்கு வார்ப்புரு என்று ஏற்கெனவே புழங்குகிறோம், பிஎச்பி கையேட்டிலேயே அந்தச் சொல் வேறு இடத்தில் வரும், குழப்பம்.

'முன்பகுத்த வினவல்' என்பதை எளிதில் தள்ள முடியவில்லை. பகுபதம் படித்த நமக்குப் பகுத்தல் என்றாலே பொருள் புரியும், நடப்பதையும் அப்படியே சொல்கிறது. அதையே ஏற்றுக்கொள்ளலாம் என்று மடல் எழுதக்கூடத் தொடங்கிவிட்டேன். பிறகு ஒன்று இடறியது. பிஎச்பியில் பிடிஓ (தரவுத்தளங்களை அணுகப் பிஎச்பி தரும் ஓர் இடைமுகம்) வழியாக மைஎஸ்கியூஎல்லை அணுகினால், நாம் அமைப்பை மாற்றாதவரை, அது முன்கூட்டி எதையும் பகுக்கச் சொல்வதில்லை. தரவுத்தள வழங்கிக்கு (சர்வருக்கு) அனுப்புமுன் பிடிஓவே மதிப்புகளுக்குக் காவல் போட்டு உரிய இடங்களில் வைத்து ஒரே வரியாக அனுப்பிவிடுகிறது. அப்போது முன்பகுத்த என்ற பெயர் பொய்யாகிறது, நிரலாளர் எழுதுகிற வரியோ எழுத்து மாறாமல் அதேதான். உள்ளே எங்கே பகுக்கப்படுகிறது என்பது இடத்துக்கு இடம் மாறும். நிரலாளர் இடம் விட்டு எழுதுகிறார், மதிப்பைத் தனியே தருகிறார் என்பது எங்கும் மாறாது. பெயர் அந்த மாறாத பகுதியிலிருந்து பிறக்கட்டும்.

இடம் விட்டு எழுதுவது என்றதும் நினைவுக்கு வந்தது பள்ளித் தேர்வுத்தாள், 'கோடிட்ட இடங்களை நிரப்புக'. வாக்கியத்தை ஆசிரியர் எழுதிவிட்டார், மாணவர் என்ன எழுதினாலும் அந்த வாக்கியத்தின் அமைப்பு மாறாது. அதனால் 'கோடிட்ட வினவல்' என்று சென்ற வாரம் இரண்டு பேருக்குத் தனிமடலில் எழுதிக் கேட்டேன். யாழ்ப்பாணத்து நண்பர், எங்கள் பக்கம் அது 'கீறிட்ட இடம்' என்று சொன்னார். கோடிட்டுக் காட்டுதல் என்றால் அழுத்திச் சொல்வது என்ற பொருளும் உண்டே என்றும் கேட்டார். இரண்டும் ஞாயமான தடை. தவிர, இங்கே கோடும் இல்லை கீறும் இல்லை, இருப்பது கேள்விக்குறி, அல்லது பிடிஓவில் முக்காற்புள்ளியோடு வரும் ஒரு பெயர். ஆகவே இரண்டு நாட்டுப் பள்ளியிலும் பொதுவாக இருக்கும் 'நிரப்புக', 'இடம்' இரண்டையும் எடுத்துக்கொண்டேன்: நிரப்பிடம். பிறப்பிடம், இருப்பிடம் போல இயல்பாக வாயில் வருகிறது. இது ப்ளேஸ்ஹோல்டருக்கு, அதாவது மதிப்புக்காக விடும் அந்த இடத்துக்கு. இடம்பிடிப்பான் என்று முன்பே ஒன்று உலவுகிறது, ஆனால் அது யாரோ ஓர் ஆள் போல ஒலிக்கிறது.

அடுத்தது வினவலா, கூற்றா? எஸ்கியூஎல்லின் இன்செர்ட் (சேர்), அப்டேட் (மாற்று), டெலீட் (அழி) எதையும் வினவவில்லை, செய் என்கின்றன. கூற்று என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் யமன் என்று ஒரு பொருள் உண்டு என்பதை விட்டுவிட்டாலும், அதில் ஏவல் இல்லை. கட்டளை என்று வைக்கலாம். கட்டளைக்கு ஆணை என்ற பொருளோடு இன்னொன்றும் இருக்கிறது: செங்கல் அறுக்கிற அச்சுக்கும் கட்டளை என்றுதான் பெயர். கட்டளைக் கலித்துறையை நினைத்துப் பாருங்கள், நேரசையில் தொடங்கும் அடிக்கு ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17, பாடுபொருள் எதுவானாலும் அந்த அளவு அசையாது. வார்ப்பு சொன்ன நண்பர் தேடிய பொருள் இந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது.

ஆக என் பரிந்துரை: நிரப்பிடக் கட்டளை. 'பிரிப்பேர்' செய்வதைக் கட்டளையை வகுத்தல் என்றும், 'எக்ஸிகியூட்' செய்வதை நிறைவேற்றுதல் என்றும் எழுதலாம். 'பைண்ட்' என்பதில் மட்டும் கவனம் வேண்டும். மைஎஸ்கியூஎல்ஐயில் (மைஎஸ்கியூஎல்லுக்கான பிஎச்பியின் இன்னொரு இடைமுகம்) மாறியை (வேரியபிள்) நிரப்பிடத்தோடு கட்டி வைக்கிறோம், அதன் மதிப்பு நிறைவேற்றும் நேரத்தில்தான் எடுக்கப்படுகிறது, இடையில் மாறியை மாற்றினால் புதிய மதிப்பே போகும். அதற்குப் பிணைத்தல் சரி. பிடிஓவில் மதிப்பையே நேராகக் கொடுக்கும் வழியும் உண்டு, அதற்கு நிரப்புதல் போதும்.

ஒரு குறையை நானே சொல்லிவிடுகிறேன். நிரப்பிடம் என்றதும் எதையும் நிரப்பலாம் என்று தோன்றும். அட்டவணையின் பெயரையோ வரிசைப்படுத்தும் புலத்தின் பெயரையோ அங்கே வைக்க முடியாது, மதிப்புகள் மட்டுமே. எந்தப் புலத்தால் வரிசைப்படுத்துவது என்று பயனர் தேர்ந்தெடுக்கும் பக்கமானால், அனுமதித்த பெயர்களை நாமே ஒரு பட்டியலாக வைத்துக்கொண்டு அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வரியில் சேர்க்க வேண்டும். சொல்லின் விளக்கத்தில் முதல் வரியாகவே இதை எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன்.

பழைய மைஎஸ்கியூஎல் செயற்கூறுகள் (ஃபங்ஷன்கள்) பிஎச்பி 7.0இல், 2015 டிசம்பரில், நீக்கப்பட்டுவிட்டன. ஆனால் கையேட்டின் நான்காம் இயலில் இன்னும் அவைதான் இருக்கின்றன, எல்லா எடுத்துக்காட்டிலும் புள்ளி வைத்து ஒட்டும் வினவல்கள். சொல் முடிவானால் அந்த இயலை முழுதாகத் திருத்தி எழுத நான் தயார். மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள். யாழ்ப்பாணத்து நண்பர் 'வகுத்தல்' என்பது கணக்கில் வரும் வகுத்தலோடு மோதுமா என்பதையும் பார்த்துச் சொன்னால் நல்லது.