அல்சூர் டீக்கடையில் நான் உடைத்த விதி

சென்னை வியாசர்பாடியில் பிறந்து வளர்ந்த நான், 2014ஆம் ஆண்டு வேலை கிடைத்துப் பெங்களூருக்கு வந்து அல்சூரில் அறை எடுத்துத் தங்கியபோது, முதலில் பழக்கமான இடம் சந்தைக்குப் பின்தெருவில் ஒரு மலையாளி நடத்திவந்த டீக்கடைதான். காலை ஏழு மணிக்கு அங்கே ஐந்தாறு பேர் கூடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் பத்துப் பேருக்குக் குறையாது. அத்தனை பேரும் கால்பந்துப் பைத்தியங்கள், பெரும்பாலோர் பக்கத்திலிருக்கும் கௌதமபுரத்துத் தமிழர்கள். அம்பேத்கருக்கும் புத்தருக்கும் அன்னை தெரசாவுக்கும் சிலை வைத்த இடத்திலேயே பெலேவுக்கும் சிலை வைத்த பேட்டை அது. எங்கள் வியாசர்பாடியையும் சின்ன பிரேசில் என்றுதான் ஊரில் சொல்வார்கள் என்பதால், அந்தக் கூட்டத்தில் ஒருவனாக எனக்கு ஒரு வாரம்கூடத் தேவைப்படவில்லை.

கூட்டத்தின் நடுநாயகம் ஒரு பெரியவர். எழுபதைக் கடந்தவர், இளமையில் லெஃப்ட் ஹாஃபாக ஆடி, அந்த ஆட்டத்துக்காகவே ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து, அங்கேயே ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில் தொலைபேசி செய்யும் ஐ.டி.ஐ., விமானம் செய்யும் எச்.ஏ.எல். போன்ற தொழிற்சாலைகள் தங்கள் அணிக்கு ஆள் எடுத்ததால், பந்து உதைக்கத் தெரிந்த எத்தனையோ ஏழைப் பையன்களின் வீட்டில் மாதச் சம்பளம் என்பதே அப்போதுதான் முதல்முறையாக நுழைந்தது. இதை அவர் சொல்லும்போது குரல் தானாகவே தணிந்துவிடும். மற்ற நேரங்களில் அவர் தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

அந்தக் கடையில் ஒரு நடைமுறை இருந்தது. வாதத்தில் தவறான தகவல் சொல்லி அகப்பட்டுக்கொள்பவர், அன்றைக்கு எல்லோருடைய பை டூ டீக்கும், அதாவது ஒன்றை இரண்டு தம்ளராகப் பிரித்துத் தரும் டீக்கும், காசு கொடுக்க வேண்டும். முதல் மாதத்திலேயே நான் இரண்டு முறை கொடுத்தேன். வெறுங்காலில் ஆட அனுமதி மறுக்கப்பட்டதால்தான் 1950 உலகக் கோப்பைக்கு இந்தியா போகவில்லை என்று நான் அடித்துச் சொன்னது முதல் முறை. “சும்னே பேசாதே தம்பி” என்று ஆரம்பித்த பெரியவர், அப்போதைய நம் சங்கம் ஒலிம்பிக்கைத்தான் பெரிதாக நினைத்தது, உலகக் கோப்பையின் அருமை அவர்களுக்குத் தெரியவில்லை என்று பத்து நிமிடம் விளக்கினார். சென்னைதான் தமிழர்களின் கால்பந்துக்குத் தாய்வீடு என்று நிறுவப் போய், கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜை நான் உரிமை கொண்டாடியது இரண்டாவது. தங்கராஜ் பிறந்தது ஹைதராபாத்தில் என்று இரண்டே சொற்களில் முடித்துவிட்டு, அவர் தன் பட்டியலை எடுத்தார். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் நம்மவர்களில் பெரும்பாலோர் வெறுங்காலோடு இறங்கி, பிரான்சிடம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில், அந்த ஒற்றைக் கோலை, அதாவது சுதந்திர இந்தியா ஒலிம்பிக் கால்பந்தில் போட்ட முதல் கோலை, போட்டவர் பெங்களூர்க்காரரான சாரங்கபாணி ராமன். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை வென்று தங்கம் வாங்கிய அணியில் இருந்த அருமைநாயகமும் இந்த ஊர்தான். “பேரைப் பாரு, ஊரைப் பாரு, அப்புறம் பேசு” என்றார். நான் பேசவில்லை, பர்சை எடுத்தேன்.

இதே பெரியவரை மற்றவர்கள் மடக்கிய நாளும் உண்டு. 1977இல் முதல் ஃபெடரேஷன் கோப்பைப் போட்டியில் ஐ.டி.ஐ. அணி கல்கத்தாவின் மோகன் பகான் அணியை வீழ்த்திக் கோப்பையை வென்றது. அதே ஆண்டு செப்டம்பரில் கல்கத்தாவில் அதே மோகன் பகான், பெலே ஆடிய நியூயார்க் காஸ்மாஸ் அணியோடு 2-2 என்று சமன் செய்தது. ஆகவே பெங்களூர் அணி பெலேயின் அணியைவிட மேல் என்பது அவர் கணக்கு. கூட்டத்தில் ஒரே ஒரு அர்ஜென்டினா ரசிகர் இருந்தார், வங்கி ஊழியர். “அந்தக் கணக்குப்படி போனால், ஐ.டி.ஐ.யை என்றைக்காவது தோற்கடித்த தெருவணி ஏதாவது இருந்தால் அதற்கும் பெலே சிலை எதிரே ஒரு சிலை வைக்க வேண்டும் ஐயா” என்று அவர் சொன்னபோது, பெரியவரே சிரித்து, அன்றைய டீக்குத் தானாக முன்வந்து காசு கொடுத்தார். தகவலில் தவறில்லை, கணக்கில்தான் தவறு என்பதால் கொடுக்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

நடைமுறை ஒன்றென்றால், எழுதாத விதியும் ஒன்று இருந்தது. அணியை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆட்டக்காரனைச் சொல்லலாம், எதிரில் இருப்பவனின் கால்பந்து அறிவையும் சொல்லலாம். பிறப்பையும் மொழியையும் மட்டும் தொடக் கூடாது. யாரும் எனக்கு இதைச் சொல்லித் தரவில்லை. சொல்லித் தரத் தேவையில்லாத விஷயம் என்று அவர்கள் நினைத்திருக்க வேண்டும்.

2017 டிசம்பரில், ஐ.எஸ்.எல். என்ற இந்தியக் கால்பந்து லீக்கில், ‘சென்னையின் எஃப்.சி.’ என்ற சென்னை அணி பெங்களூரின் கண்டீரவா மைதானத்துக்கு வந்து பெங்களூரு எஃப்.சி.யை 2-1 என்று வென்றது. ஆட்டம் முடியும் தறுவாயில் வெற்றிக் கோலைப் போட்டவர் தனபால் கணேஷ், எங்கள் வியாசர்பாடிப் பையன். நான் பந்து பழகிய அதே புழுதியில் பழகி வந்த ஒருவன், நான் பிழைக்க வந்த ஊரின் பெரிய மைதானத்தில், அத்தனை பேரின் வாயையும் அடைத்ததைக் கண்ணால் பார்த்தவனுக்கு மறுநாள் காலை எப்படி இருந்திருக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஒரு மாதம் நான் அதையே பேசினேன். அவர்களும் பொறுத்துக்கொண்டார்கள், வென்றவன் பேசுவது முறைதான்.

பிறகு அந்தப் பருவத்தின் இறுதிப் போட்டியும் அதே கண்டீரவாவில், 2018 மார்ச் 17 அன்று என்று முடிவானது. அரையிறுதிகள் முடியும் முன்பே, அதே இரு அணிகள்தான் மோதும் என்று எங்கள் பெஞ்சு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பிப்ரவரியில்தான் காவிரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்திருந்தது. ஊரில் எல்லோரும் எதையோ மனத்தில் வைத்துக்கொண்டு பேசுவதுபோல் எனக்குத் தோன்றிய நாட்கள் அவை. இறுதிப் போட்டிக்கு ஒரு வாரம் முன்பு, ஞாயிற்றுக்கிழமை, பெரியவர் வழக்கம்போல என்னைச் சீண்டினார். லீக்கில் முதலிடம் பிடித்த அணி எங்களுடையது, எங்கள் கேப்டன் சேத்ரி ஒருவன் போதும் உங்கள் பதினொரு பேருக்கும், என்றார். மற்ற நாளாக இருந்தால் கணேஷின் கோலைச் சொல்லி வாயடைத்திருப்பேன். அன்று என் வாயில் வந்தது வேறு.

“தமிழ் பேசிக்கொண்டே தமிழ்நாட்டு அணி தோற்கக் கைதட்டுகிறீர்களே, உங்களுக்குக் கூச்சமாக இல்லையா? பேச்சு பாதிக் கன்னடம் ஆனால் ரத்தமும் பாதி மாறிவிடுமா?” என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கையில் பாதி டீயோடு இருந்த கண்ணாடித் தம்ளரைப் பெஞ்சின் ஓரத்தில் வைத்தார். விளிம்பில் இருந்ததை உள்ளே இரண்டு விரலால் நகர்த்தி வைத்துவிட்டு, எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். அந்தத் தம்ளரில் ஆடை படியும் வரை யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. என்னோடு எப்போதும் சேர்ந்து சிரிக்கும் ஆட்டோ ஓட்டுநர், “அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது குரு” என்று மட்டும் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பெரியவர் வரவில்லை. மூன்றாம் நாள், கூட்டம் கலைந்த பிறகு, கடைக்காரச் சேட்டன் என்னை நிறுத்தி வைத்துச் சொன்னார். 1991 டிசம்பரில், காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவு அரசிதழில் வெளியானதும் பெங்களூரில் தமிழர்கள் மீது கலவரம் வெடித்தபோது, பெரியவர் குடும்பத்தோடு ஊரின் மேற்குப் பக்கம் ஒரு வாடகை வீட்டில் இருந்தாராம். அவருடைய தொழிற்சாலை அணியின் கோல்கீப்பர், கன்னடக்காரர், இருட்டோடு வந்து அவரையும் மனைவியையும் இரண்டு குழந்தைகளையும் தன் வீட்டுக்கு அழைத்துப் போய், ஆறு நாள் உள்ளே வைத்துக்கொண்டு, தான் மட்டும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாராம். வாடகை வீட்டில் ஒரு சாமானும் மிஞ்சவில்லை. அந்தக் கோல்கீப்பர் இப்போது இல்லை. அவருடைய மகனோடுதான் பெரியவர், பெங்களூரு எஃப்.சி. கண்டீரவாவில் ஆடத் தொடங்கிய 2014 முதல், ஆட்டத்துக்கு ஆட்டம் போய்க்கொண்டிருந்தார்.

நாலு வருடம் அவரோடு பெஞ்சைப் பகிர்ந்த எனக்கு இது தெரியாது. ராமனையும் அருமைநாயகத்தையும் சொன்ன மனிதர் இதை ஒரு வாதத்துக்குக்கூடப் பயன்படுத்தியதில்லை. அன்று மாலையே கௌதமபுரத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது, மகள் வீட்டுக்குப் போயிருப்பதாகப் பக்கத்து வீட்டு அம்மா சொன்னார்கள்.

சனிக்கிழமை இறுதிப் போட்டிக்குப் போனேன். அல்சூரில் மெட்ரோ ஏறிக் கப்பன் பார்க்கில் இறங்கி நடந்தால் கண்டீரவா வந்துவிடும். இரு அணிக்கும் நீலம்தான் நிறம் என்பதால் ரயில் முழுவதும் ஒரே நீலமாகத் தெரிந்தது. ஒன்பதாவது நிமிடத்தில் உதாந்தா கொடுத்த பந்தைச் சேத்ரி பாய்ந்து தலையால் உள்ளே தள்ளியபோது அரங்கம் இடிந்ததுபோல் இருந்தது. பிறகு எங்கள் அணியின் மெயில்சன் ஆல்வெஸ் கார்னரிலிருந்து ஒரு ஹெட்டர். இடைவேளைக்குச் சற்று முன் மறுபடியும் கார்னர், மறுபடியும் அதே ஆள், மறுபடியும் ஹெட்டர். இரண்டாம் பாதியில் ரஃபேல் அகஸ்டோ மூன்றாவதைப் போட்டார். கடைசி நேரத்தில் பெங்களூரின் மிக்கு ஒன்றைத் திருப்பினாலும் 3-2 என்று கோப்பை எங்களுக்கு வந்தது. நான் கத்தினேன், அழுதேன், பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாதவரைக் கட்டிக்கொண்டேன். திரும்பி வரும் ரயிலில்தான், நாளைக் காலை யாரிடம் போய் இதைச் சொல்வது என்ற எண்ணம் வந்தது. எதிர்க்கட்சி இல்லாத வெற்றி அவ்வளவு சீக்கிரம் ஆறிப்போகும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஞாயிறு காலை ஆறரைக்கே கடைக்குப் போய்விட்டேன். ஏழு மணிக்குப் பெரியவர் வந்தார். நான் எழுந்து நின்று, “ஐயா, அன்றைக்கு நான் சொன்னது தப்பு. மன்னித்துவிடுங்கள்” என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. சேட்டனிடம் ஒரு பை டூ சொன்னார். பிறகு பிஸ்கட் ஜாடியை இழுத்துப் பெஞ்சின் நடுவில் வைத்து, காலியான நான்கு தம்ளர்களை அதன் முன்னால் அடுக்கி, ஜாடியின் மூடியை என் கையில் கொடுத்தார்.

“இது அந்த மெயில்சன். எங்க நிப்பான்?”

வைத்தேன். ஒரு தம்ளரை அதன் பக்கத்தில் ஒட்ட வைத்துவிட்டுப் பாடம் எடுக்கத் தொடங்கினார். கார்னரில் பந்தையே பார்க்கிற பேக், அதாவது தடுப்பாட்டக்காரன், ஆளை விட்டுவிடுவான். ஆளையே பார்க்கிறவன், பந்து விழும் இடத்தை விட்டுவிடுவான். அதனால் உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு கை அவன் முதுகில் லேசாகப் பட்டுக்கொண்டிருக்க, கண் மட்டும் பந்தின் மேல் இருக்க வேண்டும். அவன் நகர்வதைக் கை சொல்லும், பந்து வருவதைக் கண் சொல்லும். தன் வலது புறங்கையை என் முதுகில் வைத்து, என்னை இரண்டடி ஓடச் சொல்லி, அந்தக் கை எப்படிக் கூடவே வருகிறது என்று காட்டினார். எழுபது வயதிலும் அந்தக் கை நழுவவே இல்லை. “முதல் கோலுக்கே பாடம் படிச்சிருக்கணும். ஒரே ஆளுக்கு ரெண்டு தடவை தலையைக் கொடுத்தா அது உங்க வெற்றி இல்ல தம்பி, எங்க முட்டாள்தனம்” என்றார்.

“ரெண்டு தடவையும் அங்கே வந்து நின்றது அவன் சாமர்த்தியம் இல்லையா ஐயா?” என்று கேட்டேன். வங்கி ஊழியர் என் பக்கம் சேர்ந்தார், ஆட்டோக்காரர் அவர் பக்கம். அரை மணி நேரம் ஓடியது. நடுவில் ஒரு முறை, யாரையும் பார்க்காமல், “உங்க பேட்டைப் பையன் கணேஷ் நடுவுல நல்லா உழைச்சான்” என்றார். கேட்ட மன்னிப்புக்கு அவர் தந்த பதில் அதுதான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அன்று எல்லோருடைய டீக்கும் நான்தான் காசு கொடுத்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

சரியாக ஒரு வருடம் கழித்து, 2019 மார்ச் 17, மும்பையில் அடுத்த இறுதிப் போட்டி. பெங்களூரும் கோவாவும் கோல் இல்லாமல் கூடுதல் நேரம் வரை போய், 117ஆவது நிமிடத்தில் கார்னரிலிருந்து ராகுல் பேக்கே தலையால் அடித்த பந்து உள்ளே போனது. 1-0. பெங்களூருக்கு முதல் ஐ.எஸ்.எல். கோப்பை. என் அறையில் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொண்டாட்டம் அடங்குவதற்குள் கைபேசி அடித்தது. பின்னணியில் பட்டாசுச் சத்தமும், கோல்கீப்பர் மகனின் கன்னடக் கூச்சலும் கேட்டன.

“தம்பி, கார்னர் பார்த்தியா?” என்றார் பெரியவர். “நாளைக்கு மூடி என் கையில.”