வளர்ப்புப் பராமரிப்பு: மேடம் வந்துபோகும் நாளில் பிள்ளை தூங்குவதில்லை

சித்தூர்_அம்மா:
பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவில் இருக்கிறோம். வீட்டில் தமிழ்தான். குழந்தைகள் நலக் குழு உத்தரவின்படி ஒரு பெண்பிள்ளை எங்களிடம் வளர்கிறாள். இளைஞர் நீதிச் சட்டம் 74ஆம் பிரிவு இருப்பதால் பெயர், பள்ளி எதையும் எழுதவில்லை. மற்ற நாட்களில் கலகலவென்று இருப்பாள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு யூனிட்டிலிருந்து மேடம் வந்துவிட்டுப் போனால், துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொள்கிறாள். சோறு இறங்காது, லைட்டை அணைக்க விடமாட்டாள். மேடம் தங்கமானவர். ஆனால் மலையாளத்தில், என் முன்னாலேயே கேட்பார். இவளும் "குழப்பமில்ல" (பிரச்சினை ஒன்றுமில்லை) என்று மலையாளத்திலேயே முடித்துவிடுவாள். நான் உள்ளதைச் சொன்னால், எங்களால் பார்த்துக்கொள்ள முடியவில்லை என்று எழுதி குழந்தைகள் ஹோமுக்கே திருப்பி அனுப்பிவிடுவார்களோ? சொல்லாவிட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?

முன்னாள்_கவுன்சிலர்:
சொல்லுங்கள் அம்மா. ஹோமில் வேலை பார்த்தபோது இப்படிப் பை கட்டும் பிள்ளைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபைலோடு ஒருவர் வந்தால் அடுத்து இடம் மாற்றுவார்கள் என்பதே அவர்கள் கண்ட அனுபவம். அதே சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி வளர்ப்புக் குடும்பத்தை மாதாமாதம் வந்து பார்க்கத்தான் வேண்டும். அதை அவளிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்; மேடமும் தன் வாயால் "உன்னைக் கூட்டிப்போக வரவில்லை" என்று சொல்லட்டும். அது உண்மையாக இருந்தால் மட்டும். போகப்போகிற பிள்ளையிடம் அப்படிச் சொன்னால் பிறகு யாரையும் நம்பாது.

மேடத்திடம் போனில் தனியாகப் பேசுங்கள். "அடம் பிடிக்கிறாள்" என்று பொதுவாகச் சொல்லாமல், அன்று என்ன நடந்தது, எப்போது தூங்கினாள், எது அவளைச் சமாதானப்படுத்தியது என்று எழுதிவைத்துச் சொல்லுங்கள். அவளுக்கென்று போட்ட தனிநபர் பராமரிப்புத் திட்டத்தில் மனநலமும் உண்டு. தமிழ் தெரிந்த கவுன்சிலர் வேண்டும் என்று அதில் எழுதச் சொல்லுங்கள். பயத்தை இன்னொரு பாஷையில் சொல்லச் சொல்வது எந்தப் பிள்ளைக்கும் பாரம். மேடம் அவளோடு தனியாகப் பேசும்போது நீங்கள் தோட்டத்துப் பக்கம் போய்விடுங்கள். அப்புறம், மேடத்திடம் எதைச் சொல்லப்போகிறீர்கள் என்பது முதலில் அவளுக்குத் தெரிய வேண்டும்.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வதாகவோ, யாரோ தொந்தரவு செய்ததாகவோ சொன்னால் அன்றைக்கே தகவல் போக வேண்டும்.

குமுளி_அப்பா:
நாங்களும் வளர்ப்புப் பெற்றோர்தான். ராத்திரி கைபிசைந்து நின்ற நேரத்தில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்தோம். இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். எங்கள் அதிகாரி வரும் நாளை முன்பே சொல்லிவிடுவார், பையனே காலண்டரில் குறித்துக்கொள்வான். அதிலேயே பாதிப் பதற்றம் போய்விட்டது.

சித்தூர்_அம்மா:
ரொம்ப நன்றி. திங்கட்கிழமை மேடத்துக்குப் போன் போடுகிறேன். அதற்கு முன்னால் இன்று சாயங்காலமே அவளிடம் பேசிவிடுகிறேன். தமிழ் கவுன்சிலர் பாலக்காட்டில் கிடைக்காவிட்டால் கோயம்புத்தூருக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்கலாமா?

முன்னாள்_கவுன்சிலர்:
தாராளமாகக் கேளுங்கள். மாநிலம் தாண்டுவதால் வாய்மொழியாக வேண்டாம், எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.