1991 பிஎக்ஸ்: எண்ணெய் சஸ்பென்ஷனைப் பராமரிப்பதா, காரை உடைக்கக் கொடுப்பதா?

குணா_93
வணக்கம். மாமா பாரிசுக்கு வந்த புதிதில் இரண்டாம் கையாக வாங்கிய 1991ஆம் ஆண்டு சித்ரோயன் பிஎக்ஸ் டீசல் இப்போது என்னிடம் இருக்கிறது. ஊரிலிருந்து வந்த எங்கள் சனத்தில் பாதிப் பேரை விமான நிலையத்திலிருந்து ஏற்றி வந்த கார். ஆறு மாதமாகப் பின்பக்கம் மாட்டு வண்டி மாதிரித் தூக்கிப் போடுகிறது. பக்கத்துக் கராஜில் "எண்ணெய்ச் சமாச்சாரத்தைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சுருள்வில் போடு, இல்லையென்றால் உடைக்கக் கொடு" என்கிறார்கள். என்ன செய்யலாம்?

ரவி_கிரெத்தேய்
உடைக்கக் கொடுங்கள் தம்பி. நானும் ஒரு பிஎக்ஸ் வைத்திருந்தவன்தான். ஒரு கராஜில் எல்எச்எம் என்ற பச்சை சஸ்பென்ஷன் எண்ணெய் இருக்கும் தொட்டிக்குள் பிரேக் எண்ணெயை ஊற்றிவிட்டார்கள். சில வாரத்திலேயே ரப்பர் சீல் எல்லாம் வீங்கி, இணைப்புக்கு இணைப்பு ஒழுகத் தொடங்கியது. காலையில் வந்து பார்த்தால் காருக்குக் கீழே பச்சையாக ஒரு குளம். இதைத் தொடத் தெரிந்த மெக்கானிக்குகள் ஒவ்வொருவராக ஓய்வுக்குப் போகிறார்கள். அன்றாடம் ஓட இந்தக் கார் சரிவராது.

தேவன்_லியோன்
ரவி அண்ணை, அது எண்ணெயை ஊற்றியவர் செய்த பிழை. அதற்குக் காரில் குற்றம் சொல்லலாமா? 1955இல் சித்ரோயனின் டிஎஸ் கார் வந்தபோது சிவப்பு எண்ணெய். அது ஈரத்தை உறிஞ்சி உள்ளே துருப்பிடிக்க வைத்ததால்தான் 1966இல் கனிம எண்ணெயான பச்சை எல்எச்எம்முக்கு மாறினார்கள். பச்சைக்குச் செய்த ரப்பர் பிரேக் எண்ணெயைத் தாங்காது. தொட்டியும் பச்சை, சஸ்பென்ஷனில் வில்லாக இருக்கும் உலோகப் பந்துகளும் (ஸ்பியர்) பச்சை. பச்சைக்குப் பச்சை என்ற ஒரு விஷயத்தை மறக்காமல் இருந்தால் பாதிச் சிக்கல் வராது.

குணா, உங்கள் காரில் பின்பக்க ஸ்பியர்களில் காற்று போயிருக்கிறது. எண்ணெய் அமுங்காது. வில்லாக வேலை செய்வது பந்துக்குள் ரப்பர் திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் நைட்ரஜன். அது வருடக்கணக்கில் திரை வழியாக மெல்ல மெல்லக் கசியும். முழுவதும் போய்விட்டால் மேட்டில் ஏறும் சக்கரம் நேரே காரின் உடம்பை இடிக்கும். நீங்கள் சொல்லும் மாட்டு வண்டி அதுதான். திரை கிழியவில்லை என்றால் திரும்ப நைட்ரஜன் அடிக்கலாம். கிழிந்திருந்தால் புதுப் பந்து. சாதாரண ஷாக் அப்சார்பர் மாற்றுகிற செலவை விட அதிகம் என்று நான் நினைக்கவில்லை.

ஜெகன்
அப்போ சுருள்வில் போட்டால் ஒரேயடியாகப் பிரச்சினை முடியுமே? பழைய எம்ஜிஎஃப் ஸ்போர்ட்ஸ் கார்களில் ஹைட்ராகாஸ் என்ற திரவ சஸ்பென்ஷனைக் கழற்றிவிட்டு அப்படித்தானே செய்கிறார்கள்.

தேவன்_லியோன்
எம்ஜிஎஃப்பில் அந்தத் திரவம் சஸ்பென்ஷனுக்கு மட்டும். பிஎக்ஸில் ஒரே பம்ப்தான் பிரேக்குக்கும் அழுத்தம் கொடுக்கிறது. அதிலும் பின் பிரேக்குக்குப் போகும் அழுத்தம் பின் சஸ்பென்ஷனிலிருந்தே எடுக்கப்படுகிறது. பின்னால் நாலு மூட்டை ஏற்றினால் அழுத்தம் கூடும், பின் பிரேக்கும் அந்த அளவுக்குப் பலமாகப் பிடிக்கும். அந்த இடத்தில் சுருள்வில்லைப் போட்டால் பின் பிரேக்குக்கு அழுத்தம் எங்கிருந்து வரும்? அந்தக் கராஜ்காரர் இதை யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ரவி_கிரெத்தேய்
நீங்கள் இப்போது சொன்னதுதான் என்னுடைய பயமும். பிரேக்கும் சஸ்பென்ஷனும் ஒரே எண்ணெயில் ஓடும்போது, பழுதானால் இரண்டும் சேர்ந்துதான் பழுதாகும். பந்தை மாற்றுவது சுலபம், ஒத்துக்கொள்கிறேன். காரின் அடியில் ஓடும் 3.5 மில்லிமீட்டர் இரும்புக் குழாய்களை யார் பார்ப்பது? இங்கே குளிர்காலத்தில் வீதிக்கு உப்புப் போடுகிறார்கள். முப்பது வருட உப்பு. குழாய்க்குள் 170 பார் வரை அழுத்தம். ஆட்டோரூட்டில் (நெடுஞ்சாலையில்) வெடித்தால்? காரில் பிள்ளைகளும் போகிறார்கள்.

வாசுகி_நான்த்
ரவி அண்ணா கேட்பது நியாயம். நான் எட்டு வருடமாக என் பிஎக்ஸை நானேதான் பார்க்கிறேன். மோசமாகத் துருப்பிடிப்பது பின் அச்சுக்கு மேலே, சேறு தங்கும் இடத்தில். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. விரலை உள்ளே விட்டுத் தடவ வேண்டும். சொரசொரப்பு என்றால் கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்க்கலாம். கொப்புளம் என்றால் உடனே மாற்ற வேண்டும்.

ஆனால் காரின் கீழே கை வைக்கும் முன் இரும்புத் தாங்கி (ஸ்டாண்ட்) வையுங்கள். ஜாக்கை மட்டும் நம்ப வேண்டாம், காரின் சொந்த உயரத்தையும் நம்ப வேண்டாம். அழுத்தம் போனால் இது சத்தமில்லாமல் படுத்துவிடும். முதல் வருடம் காரின் உயரத்தை மாற்றும் நெம்புகோலை மேல்நிலையில் வைத்துவிட்டு, தாங்கி இல்லாமல் ஒரு கிளிப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். காரின் விளிம்பு தோளில் வந்து தொட்டபோதுதான் அது இறங்குவது தெரிந்தது. இன்றைக்கும் நினைத்தால் உடம்பு நடுங்குகிறது.

பந்தைக் கழற்றும் முறை: எஞ்சினை நிறுத்தி, நெம்புகோலைக் கீழ்நிலையில் வைத்து, ரெகுலேட்டரில் (பம்பின் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பாகம்) இருக்கும் அழுத்தம் விடும் திருகை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். எண்ணெய் உஸ்ஸென்று தொட்டிக்குத் திரும்பும் சத்தம் கேட்கும். அது அடங்கிய பிறகே பந்தில் பட்டைச் சாவி. மாட்டும்போது புது ரப்பர் வளையம் போட்டுக் கையால் இறுக்கினால் போதும். பலமாக முறுக்கினால் அடுத்த முறை கழற்ற ஒரு நாள் போய்விடும்.

அப்புறம் குணா, எஞ்சினை ஐடிலில் விட்டு பானெட்டைத் திறந்து வைத்துக் கேளுங்கள். ரெகுலேட்டர் டிக், டிக் என்று வெட்டும். எத்தனை விநாடிக்கு ஒரு தடவை?

குணா_93
அக்கா, இப்போதுதான் கேட்டுவிட்டு வருகிறேன். நாலு விநாடிக்கு ஒன்று. வலது பக்கம் பின் அச்சுக்கு மேலே தடவினேன், ஒரு குழாயில் பட்டாணி அளவு கொப்புளம்.

வாசுகி_நான்த்
ரெகுலேட்டர் இவ்வளவு அடிக்கடி வெட்டினால் முதன்மைச் சேமிப்புப் பந்தும் போய்விட்டது. எஞ்சின் நின்றால் பிரேக்குக்கு மிச்சமிருக்க வேண்டிய அழுத்தம் அதில்தான் இருக்கும். முதலில் குழாய், அடுத்து அந்தப் பந்து, பிறகு பின் இரண்டு. எல்லாம் முடிந்ததும் எண்ணெயை மாற்றி, தொட்டிக்குள் இருக்கும் வடிகட்டியைப் பெட்ரோலில் கழுவுங்கள்.

தேவன்_லியோன்
அந்த ஒழுங்குதான் சரி. குழாய் விஷயத்தை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும், ரவி அண்ணை.

ரவி_கிரெத்தேய்
நான் இப்போதும் உடைக்கக் கொடு என்றுதான் சொல்வேன். ஆனால் மாமாவின் கார், உங்கள் மனம் புரிகிறது. என்னிடம் இரண்டு தாங்கிகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை கொண்டு வருகிறேன். குழாயும் அந்தப் பந்தும் மாற்றும் வரைக்கும் காரை எடுக்க வேண்டாம்.