மூலைக்கு மூலை தொடும் தங்கக் கட்டங்கள்: ஜெனெடிக் அல்காரிதத்தில் எப்படித் தடுப்பது?

வணக்கம். 800 நானோமீட்டர் ஒளியை ஒரு புள்ளியில் குவிக்கும் தங்க ஆன்டெனாவை ஜெனெடிக் அல்காரிதம் (நல்ல வடிவங்களைத் தேர்ந்து, கலந்து, மாற்றித் தலைமுறை தலைமுறையாக மேம்படுத்தும் கணினி முறை) மூலம் வடிவமைக்கிறோம். கண்ணாடி மேல் 15×15 கட்டங்கள். ஒவ்வொன்றும் 10 நானோமீட்டர் சதுரம், 30 நானோமீட்டர் தடிமன். தங்கம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. நடுக்கட்டம் எப்போதும் காலி. அதன் மையத்தில் கிடைக்கும் மின்புலச் செறிவுதான் மதிப்பெண். தலைமுறைக்கு 30 வடிவங்கள், மியூட்டேஷன் (ஒரு பிட் தற்செயலாக மாறும் வாய்ப்பு) 1%, எஃப்டிடிடி (மின்காந்தப் புலத்தைக் கணினியில் கணக்கிடும் முறை) மெஷ், அதாவது கணக்கீட்டு வலையின் இடைவெளி, 2 நானோமீட்டர்.

சிக்கல் இதுதான். முன்னுக்கு வரும் வடிவங்கள் எல்லாவற்றிலும் நடுக்கட்டத்தை ஒட்டி இரண்டு தங்கக் கட்டங்கள் மூலையில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. அந்தத் தொடுபுள்ளியில் மின்னோட்டம் பாயுமா என்பதை இயற்பியல் முடிவு செய்வதில்லை, மெஷ்தான் முடிவு செய்கிறது. மெஷ்ஷை 1 நானோமீட்டராக்கினால் தரவரிசையே புரண்டுவிடுகிறது. அயனிக் கற்றையால் செதுக்கும்போது மூலைகள் எப்படியும் மழுங்கும். ஆகவே அந்த மதிப்பெண் கைக்கு வராத மதிப்பெண்.

தொடுகை ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் கழித்துப் பார்த்தோம். 40 தலைமுறைக்குள் எல்லாம் ஒரே சாயலில் உறைந்துவிட்டன. மியூட்டேஷனை 5% ஆக்கினால் 225 பிட்டில் சராசரியாக 11 மாறி, நல்ல வடிவமும் சிதைகிறது.

மதிப்பிடும் முன்பே தொடுகையை நிரப்பிவிடும் திருத்தம் நல்லதா, மூலைகளை 3 நானோமீட்டர் ஆரத்தில் வளைப்பது நல்லதா? திருத்திய வடிவத்தையே மரபணுவில் (வடிவத்தைக் குறிக்கும் 0, 1 வரிசையில்) திரும்ப எழுதுகிறீர்களா? ஒரே புள்ளிக்குப் பதில் நடுக்கட்டம் முழுவதன் சராசரிப் புலத்தை மதிப்பெண்ணாக்கியவர்கள் இருந்தால், மெஷ் மாற்றத்துக்கு அது அசையாமல் நின்றதா என்று அவசியம் சொல்லுங்கள்.