மறு: ‘சார்ஜ் ஏறும் வேகம்’ – ஒரு சொல் போதாது

குழுவினருக்கு வணக்கம்.

போனில் சார்ஜ் ஏறும் வேகத்துக்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்று பேசும் இந்த இழையை மூன்று நாட்களாக வாசித்துக்கொண்டிருக்கிறேன். பரந்தன் சந்தியில் போன் திருத்தும் கடை வைத்திருப்பவன் நான். பகலில் எழுத நேரம் கிடைப்பதில்லை. இன்று பின்னேரம் கரண்ட் நின்றுவிட்டது, அதனால் கிடைத்தது.

> ‘விரைவு மின்னேற்றம்’ என்று வைத்துக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போகலாமே.

போகலாம், வவுனியா அக்கா. பாவனையாளர் கையேட்டை மாத முடிவுக்குள் மொழிபெயர்த்துக் கொடுக்க வேண்டிய உங்கள் அவசரமும் விளங்குகிறது. ஆனால் ‘விரைவு மின்னேற்றம்’ என்பது பெட்டியின் மேல் ஒட்டுகிற சொல். அது ஒரு வசதியின் பெயர். உங்கள் கையேட்டில் இருக்கும் அட்டவணைக்கு வேண்டியது ஓர் அளவின் பெயர். அங்கே ‘விரைவு’ என்று எழுதிவிட்டுப் பக்கத்துக் கட்டத்தில் 33 என்று போட்டால், வாசிப்பவர் என்ன நினைப்பார் என்பதை என் கடை வாசலில் நின்றால் பார்க்கலாம்.

போன கிழமை முரசுமோட்டையில் இருந்து ஒரு கமக்காரர் வந்தார். புது சார்ஜர் வாங்கியிருக்கிறார். “தம்பி, பழையதில் 18 என்று இருந்தது, இதில் 33 என்று போட்டிருக்கிறது. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை. ஆனால் ஏறுவதற்கு அதே இரண்டு மணித்தியாலம். என்னை ஏமாற்றிவிட்டார்களா?” என்றார். யாரும் ஏமாற்றவில்லை. சார்ஜருக்கும் வயருக்கும் இடையில் செருகும் சிறிய மானி ஒன்று என்னிடம் இருக்கிறது. அதைப் போட்டுக் காட்டினேன். போனில் அப்போது 22 வீதம். மானியில் 9 வோல்ற்று, 1.9 அம்பியர். பெருக்கினால் 17 வாற்றுச் சொச்சம். பழைய சார்ஜரை மாற்றிப் போட்டேன். அதே இலக்கம். அந்தப் போன் 18 வாற்றுக்கு மேல் எடுக்காது. 33 கொடுக்க ஆயத்தமாக ஒருவர் நின்றாலும் வாங்குகிறவர் 18 போதும் என்கிறார். கதை அவ்வளவுதான்.

அவர் உரக் கடைக்குப் போய், ஒன்றேகால் மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார். போன் 88 வீதம். மானியில் இப்போது 0.7 அம்பியர்தான், ஆறு வாற்று. “ஏன் படுத்துவிட்டது?” என்று கேட்டார். நான் விளக்கம் சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே சொன்னார்: “சாக்கில் நெல் போடுவது போலத்தான். முதலில் கடகத்தோடு கொட்டலாம். வாய் தைக்கிற அளவுக்கு வந்துவிட்டால் குலுக்கி, இடித்து, கையால்தான் அள்ளிப் போட வேண்டும்.”

இதை விடத் திருத்தமாக எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. லிதியம் அயன் பற்றரியில் கலத்தின் மின்னழுத்தம் ஏறத்தாழ 4.2 வோல்ற்றைத் தொடும் வரை (இப்போது வருகிற போன்களில் 4.4ஐத் தாண்டியும் போகும்) மின்னோட்டத்தை மாறாமல் வைத்து ஏற்றுவார்கள். அதன் பிறகு அழுத்தத்தை மாறாமல் பிடித்துக்கொள்ள, ஓட்டம் தானாக இறங்கிக்கொண்டே போகும். மாறா ஓட்டக் கட்டம், மாறா அழுத்தக் கட்டம் என்று எழுதினால் உயர்தர மாணவருக்கும் புரியும். இதில் விவாதிக்க ஒன்றும் இல்லை.

ஏன் அப்படி என்றும் சொல்லிவிடுகிறேன். சொல்லாக்கத்துக்கு அதுதான் ஆதாரம். சார்ஜ் ஏறும்போது லிதியம் அயன்கள் காரீயத்தின் (பென்சில் கூரில் இருக்கும் கிராபைற்று) படைகளுக்குள் நுழைந்து உட்காருகின்றன. (போகலவிலும் கஹட்டகஹவிலும் தோண்டி எடுக்கிறார்களே, அந்தக் காரீயம்தான். எங்கள் கைக்குள் இருக்கும் போனில் நம் நாட்டு மண்ணின் சொந்தக்காரன் ஒருவன் இருக்கிறான் என்று நினைக்க எனக்குக் கொஞ்சம் சந்தோசம்.) உள்ளே நுழையக்கூடியதை விட வேகமாகத் தள்ளினால் அவை வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும். படிந்ததில் ஒரு பகுதி திரும்பி வேலைக்கு வராது. பற்றரியின் கொள்ளளவு போய்விடும். அதனால்தான் எவ்வளவு எடுப்பது என்ற முடிவைச் சார்ஜரிடம் விடாமல் போன் தன் கையில் வைத்திருக்கிறது.

ஆக, இரண்டு அளவுகள். ஏற்றுகிறவன் எவ்வளவு தர முடியும் என்பது ஒன்று. ஏறுவது எப்படி ஏறிக்கொண்டிருக்கிறது என்பது மற்றது. முதலாவது சார்ஜரின் முதுகில் அச்சடிக்கப்பட்ட ஒரே இலக்கம். இரண்டாவது நிமிடத்துக்கு நிமிடம் மாறுவது. இரண்டையும் ‘வேகம்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைத்ததால்தான் முரசுமோட்டைக்காரருக்கு இருமடங்கு காசு போனது.

இந்த வேறுபாட்டுக்கு நாம் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சந்தியில் நிற்கிற எவரும் “சார்ஜ் ஏற்றினேன், ஆனால் ஏறவில்லை” என்று சொல்வார். பிறவினையும் தன்வினையும் ஒரே வாக்கியத்தில் அருகருகே நிற்கின்றன. ஏற்று, ஏறு. சார்ஜர் ஏற்றுகிறது. பற்றரியில் ஏறுகிறது. இந்த இரண்டு வேர்களை வைத்தே சொற்களைக் கட்டலாம் என்பது என் முன்மொழிவு:

சார்ஜரின் வாற்று அளவுக்கு ‘ஏற்றுவலு’.
பற்றரியில் உண்மையில் ஏறும் வேகத்துக்கு ‘ஏறுகதி’.

ஏன் வேகம் அல்ல? எங்கள் இலங்கைப் பௌதிகவியல் பாடநூலில் வேகம் என்பது திசையோடு சேர்ந்தது. திசை இல்லாதது கதி. தமிழ்நாட்டில் இதே இரண்டையும் முறையே திசைவேகம், வேகம் என்பார்கள். பற்றரிக்கு எதற்குத் திசை? (ஏறுவது ஒரு திசை, இறங்குவது மறு திசை என்று ஒரு மாணவன் வாதாடினால் என்னிடம் பதில் இல்லை.)

ஏன் வீதம் அல்ல? நானும் முதலில் ‘ஏறுவீதம்’ என்றுதான் எழுதி வைத்திருந்தேன். பிறகு வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். “ஏறுவீதம் 80.” எங்கள் பத்திரிகைகளில் 80 வீதம் என்றால் நூற்றுக்கு எண்பது. போனின் மூலையில் தெரிகிற அந்த இலக்கத்தைத்தான் சொல்கிறார்கள் என்று எவரும் எடுத்துக்கொள்வார். வேறு எங்கு பொருந்தினாலும், நூற்றுவீதம் காட்டுகிற ஒரு கருவியின் கையேட்டில் ‘வீதம்’ வேறொரு பொருளில் வரவே கூடாது.

வெயிலையும் இதோடு சேர்க்க வேண்டும். கையேட்டில் இருக்கும் நேரக் கணக்குகள் குளிர் அறையில் எடுத்தவை. ஆடி மாதத்தில், கச்சான் காற்று புழுதியை வாரி அடிக்கும் நாளில், தகரக் கொட்டிலின் கீழ் போனைச் சார்ஜில் போட்டுக்கொண்டே படம் பார்த்தால், பற்றரியின் சூடு 40 பாகையைச் சுலபமாகத் தாண்டும். 45ஐ நெருங்கும்போது போன் ஓட்டத்தை வெட்டிக் குறைக்கும், சில வேளை நிறுத்தியே விடும். சார்ஜர் அதே சார்ஜர், ஏற்றுவலு அதே 33. ஏறுகதி மட்டும் விழுந்துவிட்டது. “மத்தியானம் ஏறுகிறதில்லை, இரவில் ஏறுகிறது, பேய் பிடித்த போன்” என்று ஒருவர் கொண்டுவந்து தந்தார். நனைத்துப் பிழிந்த துணியால் மேசையைத் துடைத்து, போனின் உறையைக் கழற்றி, விசிறிக்குக் கீழ் வைத்தேன். பேய் ஓடிவிட்டது. மெல்லிய மலிவு வயரும் இதே வேலையைச் செய்யும்; அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

ஒரு பழைய ஞாபகம். 1990களில் வன்னிக்குள் பற்றரி தடை செய்யப்பட்ட பொருள். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்து, மிதிகட்டையைக் கையால் சுழற்றி, டைனமோவில் இருந்து ரேடியோவுக்குக் கரண்ட் கொடுப்போம். இரவுச் செய்தி முடியும் வரை சுழற்ற வேண்டியது என் முறை. கை தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். அப்பா திரும்பிப் பார்ப்பார். அந்த டைனமோ 6 வோல்ற்று, 3 வாற்று. இன்று ஒரு சாதாரண சார்ஜர் அதைப் போல ஆறு மடங்கு தருகிறது. அங்கே ஏற்றலும் இல்லை, ஏறலும் இல்லை, சேமிக்க ஒன்றுமே இல்லை. சுற்றினால் ஓடும், விட்டால் நிற்கும். சேமிக்கிற பாத்திரம் ஒன்று நடுவில் வந்த பிறகுதான் இந்த இரண்டு சொற்களுக்கும் தேவையே வருகிறது.

2022 மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டியபோது என் கடை ஜெனரேற்றருக்கு முன்னால் வரிசை நின்றது. அப்போது எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி “அரை மணித்தியாலத்தில் எவ்வளவு ஏறும்?” என்பதுதான். முழுதாக நிரம்ப எவ்வளவு நேரம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. மக்களுக்கு வேண்டியது ஏறுகதிதான், அதுவும் சாக்கின் அடிப்பாதியில்.

பரந்தனில் இருந்து

⁂

பரந்தன் நண்பருக்கு, சென்னையில் இருந்து.

ஏற்று, ஏறு என்ற பிரிப்பு அருமை. நாங்கள் மின்னூட்டம் என்று எழுதிப் பழகியவர்கள். அதிலும் இதே சிக்கல் இருக்கிறது: ஊட்டுகிற தாயின் அவசரம் வேறு, விழுங்குகிற குழந்தையின் தொண்டை வேறு. எனவே ‘ஏறு’ எனக்குச் சம்மதம்.

இரண்டு தடைகள். ‘கதி’ என்றால் இங்கே தலைவிதி. “என் போனின் ஏறுகதி என்ன?” என்று கேட்டால் “ஐயோ, என்ன ஆயிற்று?” என்று விசாரிப்பார்கள். அதோகதி நினைவுக்கு வரும். அடுத்து, ‘வலு’ எங்களுக்கு உடல் பலம். வாட் கணக்குக்குத் திறன் என்போம். மேலும் ‘ஏறு’ என்றால் காளை. ஏறு தழுவும் ஊர்க்காரர்கள் உங்கள் சொல்லைக் கொம்பைப் பிடித்துப் பார்ப்பார்கள்.

⁂

சென்னை ஐயாவுக்கு.

காளையை விட்டுவிடுவோம், ஏறுமுகம், இறங்குமுகம் என்று உங்கள் சந்தை விலைச் செய்திகளில் நாள்தோறும் வருகிறது, அங்கே எவருக்கும் கொம்பு தெரிவதில்லை.

கதி பற்றி நீங்கள் சொன்னதை இரண்டு நாட்கள் யோசித்தேன். உங்கள் பத்திரிகைகளிலும் “பணிகள் துரித கதியில் நடக்கின்றன”, “மந்த கதியில் நடக்கின்றன” என்று எழுதுகிறார்கள். தவில்காரர் கதி மாற்றினார் என்றால் அவருக்கு என்ன கேடு வந்தது என்று எவரும் விசாரிப்பதில்லை. கதி தனியே நின்றால் விதி. முன்னால் ஒரு சொல் வந்து சேர்ந்தால் வேகம். ‘ஏறுகதி’யில் சேர்ந்துதான் நிற்கிறது. அதோகதி மட்டும் விலக்கு என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வலு பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், உங்களையும் கேட்க மாட்டேன். எங்கள் பக்கத்தில் திறன் என்று எழுதினால் ‘வினைத்திறன்’ ஞாபகத்துக்கு வரும். கொடுத்த சக்தியில் எவ்வளவு வீணாகாமல் சேர்ந்தது என்ற கணக்கு அது. சார்ஜர் விஷயத்தில் அதுவும் தேவைப்படும் அளவுதான், எனவே குழப்பம் நிச்சயம். இங்கே ஏற்றுவலு, அங்கே ஏற்றுதிறன். ஒரே வேரில் இரண்டு கிளை. ஏறுகதி மட்டும் இரு கரைக்கும் பொதுவாக இருக்கட்டும்.

ஒன்றைத் திருத்த வேண்டும். மின்னேற்றத்தைச் சுருக்கி ‘ஏற்றம்’ என்று ஆளலாம் என இழையின் தொடக்கத்தில் ஒருவர் சொன்னார். எங்களுக்கு அது பிரச்சினை இல்லை, கிணற்றில் இறைப்பதை நாங்கள் துலா என்போம். தமிழ்நாட்டில் ஏற்றம் இறைப்பார்கள். எனவே பெயராக வரும் இடத்தில் மின்னேற்றம் என்றே முழுதாக எழுதுவது நல்லது.

⁂

எல்லோருக்கும், வவுனியாவில் இருந்து.

கையேட்டின் ஐந்தாம் பக்கத்தை மாற்றிவிட்டேன்: “ஏற்றுவலு: 33 வாற்று வரை. ஏறுகதி பற்றரியின் நிரம்பல், வெப்பநிலை ஆகியவற்றுக்கு ஏற்ப மாறும்.” பக்கத்து வீட்டில் சாதாரணதரம் படிக்கும் பிள்ளையிடம் காட்டினேன். “சார்ஜர் தருகிறது ஒன்று, போன் எடுக்கிறது ஒன்று, அப்படித்தானே அன்ரி?” என்றாள். எனக்கு அது போதும்.

அச்சகத்தில் இருந்து வந்த முதல் பிரதியில் ‘ஏறுக்கதி’ என்று இருக்கிறது. இலக்கணம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், க் வருமா?

⁂

வராது, அக்கா. வினைத்தொகை. ஊறுக்காய் என்று எழுதுவோமா?

பரந்தனில் இருந்து