கரண்ட் போய் ரிலேஷன் ஃபைல் கெட்டுப்போச்சு: 114 இலக்க எண், மறுபடியும் முதல்லேருந்தா?

அம்பை ஜெராக்ஸ்:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். அம்பாசமுத்திரத்துல வீட்டு முன்னாலயே ஜெராக்ஸ், டிடிபி கடை வச்சிருக்கேன். ராத்திரி ஷட்டரை இறக்கினப்புறம் கம்ப்யூட்டர் சும்மாதானே கெடக்குன்னு ஒரு வருஷமா அலிக்வாட் தொடர் ஓட்டுதேன். தொடங்கின எண் எங்க வீட்டுப் பழைய லேண்ட்லைன் நம்பர், ஆறு இலக்கம். (என்னன்னு சொல்லலை, இப்ப யார் கையில இருக்கோ.) போனை சரண்டர் பண்ணிட்டு வந்த அன்னைக்கு, அந்த நம்பரை விட்டுட்டு அதோட மத்த வகுத்திகளை எல்லாம் கூட்டினேன். வந்த விடைக்கும் அதே மாதிரி. அப்புறம் அதுக்கும். எங்கயாவது 1-ல போய் முட்டும்னு பார்த்தா முட்டவே இல்லை. எண்களோட காரணிகளைச் சேர்த்து வைக்கிற ஃபேக்டர்டிபி தளத்துல தேடினா யாரோ ஏற்கெனவே 120 இலக்கம் வரைக்கும் இழுத்துட்டு வந்து விட்டிருக்காங்க. அங்கேருந்து நான் பிடிச்சேன். இப்ப 127 இலக்கத்துல நிக்கி.

வகுத்திகளைக் கூட்டணும்னா எண்ணை முதல்ல காரணிகளா உடைக்கணும்லா. சின்னக் காரணியெல்லாம் கழிச்சது போக 114 இலக்கத்துல ஒரு பகு எண் மிச்சம். இசிஎம்ல (நீள்வட்ட வளைவு முறை, ஓரளவு சின்னக் காரணியைத் தேடுத வழி) பி1-ங்கிற தேடல் எல்லையைப் பத்து லட்சம் வச்சு 900 வளைவு, அதாவது 900 முயற்சி, ஓட்டியும் அசையலை. சரின்னு பெரிய எண்ணை உடைக்கிற என்எஃப்எஸ் முறையைப் போட்டேன். அது சீவிங்னு சலிச்சுச் சலிச்சு ரிலேஷன்னு வரி வரியாச் சேர்க்கும், வேண்டிய அளவு சேர்ந்தப்புறம் மேட்ரிக்ஸ்னு ஒரு பெரிய கணக்குப் போட்டுக் காரணியைத் தரும். ஆறு ராத்திரி ஓடி, வேண்டிய 80 லட்சம் ரிலேஷன்ல 61 லட்சம் சேர்ந்திருந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி ஆடிக் காத்துல கரண்ட் போச்சு. யூபிஎஸ் பேட்டரி போன மாசமே உப்பிப் போயிட்டு, மாத்தாம விட்டது என் தப்பு. காலைல ஃபைலைத் திறந்தா கடைசி வரி பாதியில அறுந்து கெடக்கு, அதுக்குக் கீழ ஒரு பக்கத்துக்குக் கட்டம் கட்டமா என்னமோ. அந்த வரிகளை வச்சுக் கணக்கை முடிக்கிற எம்சீவ் புரோகிராம்ல ஏத்தினா ரிலேஷன் எர்ரர்னு வரிசையாத் துப்புது.

முதல்லேருந்து ஓட்டணுமா? இன்னொண்ணும் கேக்கணும். நான் பிடிச்சதுலேருந்து அம்பது படிக்கு மேல ஆச்சு, தொடர் 2×3 டிரைவர்கிட்ட (படிக்குப் படி விடாம ஒட்டிக்கிட்டு எண்ணை ஏத்திவிடுத காரணிகள்) மாட்டிக்கிட்டு, பாபநாசத்துலேருந்து காரையாருக்கு ஏறுத மாதிரி ஏறிக்கிட்டே இருக்கு. இது எப்ப விடும்? அம்மா வேற, "என்னலே, விடிய விடிய அது எதைத்தான் எண்ணுது?"ங்கா.

முக்கூடல் காத்து:

பதறாதீங்க அண்ணாச்சி, ஒண்ணும் போகலை. ரிலேஷன் ஃபைல்ல ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் சம்பந்தமே கிடையாது. எங்க ஊர்ல பீடிக் கட்டை எண்ணி வாங்கும்போது நாலு பீடியைக் கழிச்சா, அந்த நாலுதான் போகும். மொத்தக் கூலியுமா போயிரும்? எம்சீவ் ஒவ்வொரு வரியையும் தானே சரிபார்த்துட்டுத்தான் எடுக்கும், கணக்கு ஒத்து வராத வரியைத் தள்ளிட்டுப் போய்க்கிட்டே இருக்கும். நீங்க பார்த்த எர்ரர் அதுதான்.

முதல்ல ஃபைலுக்கு ஒரு காப்பி எடுத்து வச்சிருங்க. அப்புறம் அறுந்த வரியையும் கீழ உள்ள குப்பையையும் வெட்டிருங்க. வரி எப்படி இருக்கும்னு தெரியும்லா: முதல்ல கமா போட்டு ரெண்டு எண், அப்புறம் கோலன், ஒரு பக்கத்துக் காரணிகள், மறுபடி கோலன், அடுத்த பக்கத்துக் காரணிகள். கடைசியா முழுசா நிக்கிற வரியில ஸ்பெஷல் க்யூ (சீவிங் எந்தப் பகா எண் வரைக்கும் வந்திருக்குன்னு காட்டுறது) இருக்கும், ஆனா ஹெக்ஸ்ல, அதாவது 16 அடிமானத்துல இருக்கும். டெசிமலுக்கு மாத்தி அங்கேருந்து சீவிங்கைத் தொடங்குங்க. கொஞ்சம் பின்னாலேருந்து தொடங்கினாலும் நஷ்டம் இல்லை, ரெண்டு தடவை வந்ததை அதுவே கழிச்சிரும். மேட்ரிக்ஸ் ஓடும்போது இடையிடையே செக்பாயிண்ட் எழுதிக்கிடும், அதுக்கும் பயப்பட வேண்டாம். ஆனா பேட்டரியை வாங்கிருங்க. ஆடி இன்னும் முடியலை.

பாளை வாத்தியார்:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன் தம்பி. பெரிய எண்ணை விடுங்கள், 30-ஐ எடுத்துத் தாளில் போட்டுப் பாருங்கள். 30, 42, 54, 66, 78, 90. ஒவ்வொரு படியும் 12 ஏறுகிறது, எல்லாமே 2×3-இன் பிடியில் உள்ளவை. 90-க்கு அடுத்தது 144. அங்கே பிடி விட்டுப்போய்விட்டது. 144, 259, 45, 33, 15, 9, 4, 3, 1. இறங்கி முடிந்தே விட்டது.

90-இல் என்ன நடந்தது? 90 = 2×3²×5. அந்த எண்ணையும் சேர்த்து வகுத்திகளின் மொத்தக் கூடுதல் 4-ஆல் வகுபடும் வரை அந்த ஒற்றை 2 அப்படியே நீடிக்கும். ஒற்றை 2 இருக்கும் வரை 3-உம் போகாது. 3 ஒற்றைப்படை அடுக்கில் இருந்தால் அதுவே ஒரு 4-ஐக் கொண்டுவந்துவிடும். 54-இல் 3³ இருப்பதைக் கவனியுங்கள். ஆகவே 3 இரட்டைப்படை அடுக்கில் வர வேண்டும். மீதி, வர்க்கக் காரணிகளைத் தள்ளினால், ஒரே பகா எண்ணாக நிற்க வேண்டும் (மீதி முழுவதுமே வர்க்கமாக அமைவது மிக அரிது; அதை விடுங்கள்). அதுவும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 வரும் பகா எண்ணாக. 5 அப்படிப்பட்டது. 7-ஓ 11-ஓ வந்து நின்றால் பயனில்லை.

120 இலக்க எண்களில் சராசரியாக 276-க்கு ஒன்றுதான் பகா எண். (இந்த 276-ஐப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. 1,000-க்குள் தொடங்கி இன்றுவரை முடிவு தெரியாமல் ஓடும் ஐந்து தனித்தனித் தொடர்களில் முதலாவது தொடங்குவதும் 276-இல்தான்; மற்றவை 552, 564, 660, 966. 276-இன் தொடரை இரண்டாயிரம் படிக்கு மேல் கொண்டுபோயும் இறங்கி முடியவில்லை.) உங்கள் எண்ணில் 2-உம் 3-உம் போன மீதியைத்தான் பார்க்கிறோம் என்பதால் வாய்ப்பு அதைவிடச் சற்றுக் கூடுதல். ஆனாலும் பொறுமை வேண்டும். எல்லாத் தொடரும் ஒரு நாள் முடியும் அல்லது சுழலும் என்று கணித அறிஞர் கேட்டலான் 1888-இல் தொடங்கிய பேச்சு, டிக்சன் 1913-இல் திருத்தியும் இன்னும் தீரவில்லை. எல்லாம் முடியாது என்பது என் கட்சி.

சுரண்டை மாப்பிள்ளை:

கரண்ட் பில்லு எவ்வளவு வே வருது? இதுல பைசா உண்டுமா?

அம்பை ஜெராக்ஸ்:

மாப்பிள்ளை, பைசாவும் கெடையாது ஒண்ணும் கெடையாது. பில்லை வீட்டுல காட்டுறதே இல்லை.

முக்கூடல் அண்ணாச்சி, நீங்க சொன்ன மாதிரியே வெட்டிட்டு ஓட்டினேன். மொத்தமே முந்நூத்திச் சொச்சம் வரிதான் போயிருக்கு. இன்னும் ரெண்டு ராத்திரி சீவிங், அப்புறம் மேட்ரிக்ஸ். இன்னைக்குக் காலைல ஒருத்தர் ஆதார் அட்டையைக் கலர் காப்பி எடுக்க வந்து நிக்காரு, அப்பப் பார்த்து விடை விழுது. 114 இலக்கம் 47-ஆவும் 67-ஆவும் உடைஞ்சிட்டு. அவருக்கு ஒரு காப்பி கூடவே அடிச்சுக் கொடுத்துட்டேன்.

வாத்தியார் சார், அடுத்த படியில 3² வந்திருக்கு! நெஞ்சு படபடன்னு அடிச்சிது. அடுத்த வரியைப் பார்த்தா 11 உக்காந்திருக்கு.